நீலத்தில் உள்ளவை அனுமானங்கள்

நாகமலைப் பக்கம், மூன்றாம் மாடி ஆய்வகம்.
முப்பத்தாறு கணினி, ஓடுவது இருபத்தொன்பது.
ஏசி உண்டு. அதன் ரிமோட்
துறைத்தலைவரின் இழுப்பறையில் உண்டு.

திங்கட்கிழமை தனிநபர் நிதி.
ஆறு மாதச் செலவுக்கான பணம்
எப்போதும் கைவசம் இருக்கவேண்டும் என்றேன்.
நான்கு மாதமாய் ஊதியம் வராத தொகுப்பூதியக்காரி
இதைச் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை.
பழகிவிட்டது.
என் செயின் சிம்மக்கல் வங்கியில்
என்னைவிடப் பாதுகாப்பாக இருக்கிறது.

பெருநிறுவன நிதி வகுப்பில்
கடனுக்கும் பங்குக்கும் வித்தியாசம் கேட்டேன்.
"கடன் கொடுத்தவன் வீட்டு வாசலுக்கு வருவான் மேடம்,
பங்கு வாங்கினவன் கடை வாசலுக்கு வருவான்,
இன்னைக்கு யாவாரம் எப்படின்னு"
என்றாள் நெல்பேட்டை ஷமீலா.
பாடநூலை மூடிவைத்தேன்.

அப்புறம்தான் மாடலிங்.
ஐந்தாண்டுக் கணிப்பு. எந்த நிறுவனமும் எடுக்கலாம்.
கையால் இடும் எண் நீலத்தில்,
சூத்திரம் கறுப்பில்.
நீலத்தில் உள்ளவை அனுமானங்கள்.
யார் கேட்டாலும் காரணம் சொல்லத் தெரியவேண்டும்.

இருபத்தெட்டுப் பேர்
ஒரே சிமெண்டுக் கம்பெனியை இறக்கி
ஒருவர் பிழையை ஒருவர் பார்த்தெழுதி
ஒரே லாபத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

ஒச்சப்பன் மட்டும்
உசிலம்பட்டிப் பக்கத்து மொய் நோட்டு ஒன்றை
ஏற்றியிருந்தான்.
பெயர், ஊர், பழைய மொய், புது மொய்.
கருமாத்தூர் பால்காரர் தவசி போட்டது ஐந்நூறு.
நாங்கள் திருப்பியது ஆயிரம்.
பாதி பழசு கழிந்தது, மீதி அவர் தலையில்.
நிறுவனத்தின் பெயர்: கட்டையன், 2021 வரை.
கீழே 'மேலாண்மை மாற்றம்' என்று ஒரு தலைப்பு,
அதன் கீழே இவன் பெயர்.
வேறு குறிப்பு எதுவும் இல்லை.
நானும் கேட்கவில்லை.

"மூலதனம் எப்ப திரட்டுனது?"
"வைகாசில மேடம், தங்கச்சி காதணி விழா.
அவளுக்குக் காது முன்னாடியே குத்தியிருந்துச்சு.
இது என் ஃபீஸுக்கு."
வகுப்பு சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

"தள்ளுபடி விகிதம் காலியா இருக்கே?"
"தண்டல்காரர்னா நூத்துக்குப் பத்து, போட்டிருவேன்.
இதுல வட்டி கிடையாது.
திருப்பிச் செய்யலேன்னா
அடுத்த பந்தியில முகம் பாக்க மாட்டாங்க.
அதுக்கு எத்தனை சதவீதம் மேடம்?"

எழுதுகோலை மூடினேன், திறந்தேன்.

இதற்கிடையில் அவன் திரையில் எச்சரிக்கைப் பெட்டி:
வட்டச் சார்பு.
எங்கள் செலவு தவசியின் வரவு,
தவசியின் வரவு தவசியின் செலவு,
அது சுற்றி வந்து எங்கள் வரவு.
விதிப்படி இது பிழை.
ஐந்து மதிப்பெண் குறைக்கவேண்டும்.

அமைப்புகளுக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் அடித்தேன்,
திரும்பத் திரும்பக் கணக்கிடு என்று.
எண்கள் ஒரு நொடி பதறின.
தவசி, வாலாந்தூர் மாமா, செக்கானூரணி டிராக்டர்காரர்
ஒருவர் பையில் ஒருவர் கைவிட்டு
நூறு சுற்று சுற்றி
ஓரிடத்தில் நின்றார்கள்.
இருபத்திரண்டு ஆண்டுக்கு
இவன் யார் வீட்டு விசேஷத்தையும் தவறவிட முடியாது.

மணி அடித்தது. பிள்ளைகள் பேருந்துக்கு ஓடினார்கள்.
மதிப்பெண் போடுமுன் கடைசிவரை உருட்டினேன்.
அழைத்தான் என்று அந்த வைகாசியில் நானும் போயிருந்தேன்.
மைக்கில் என் பெயரைத் தப்பாக வாசித்தார்கள்.

1140-ஆவது வரிசை, சரியான எழுத்தில்:
மேடம், நாகமலை, 501.
திருப்பும் ஆண்டு 2031.
விசேஷம் என்ற கட்டத்தில்
'புதுமனை புகுவிழா.'

நீல எழுத்தில்.

காரணம் கேட்டிருக்கவேண்டும்.
விதி அப்படித்தான்.