மூன்றாம் சரணத்துக்கு முன் ஒரு மூச்சு

அவர்கள் இருவரும் சேர்ந்து பாடிய பாட்டில்
சேர்ந்திருந்தது நான் மட்டும்தான்.

வெர்லீன் ஸ்டாக்டன் தன் பாதியைப் பாடியது
கென்டக்கியில், ஒரு தேவாலயத்தின் நிலவறையில்,
அடுக்கிவைத்த நாற்காலிகளைப் பார்த்தபடி.
மார்ச் மாதம். சளி பிடித்திருந்தது.
கோல்பி ரெனாட் பாடியது ஜூனில், டல்சாவில்,
நிறுத்தியிருந்த பேருந்துக்குள்,
ஏ.சி.யை அணைத்துவிட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு.
இரண்டும் நாஷ்வில்லில் என் மேசைக்கு வந்தன,
தவறிப்போய் ஒரே வீட்டில் விழுந்த
இரண்டு தபால்கள்போல.

பாட்டு மணமுறிவைப் பற்றியது.
வீடு உனக்கு, பிக்கப் வண்டி எனக்கு,
நாய் யாருக்கு என்பதில் மூன்று சரணம்.
சண்டை போடுவதென்றால்கூட
ஒரே அறையில் இருக்கவேண்டும் இல்லையா?
அறையை நான் கட்டினேன்.
அவள் சொல்லின் வாலை அரை நொடி நறுக்கி
அவன் சொல்லை அதன்மேல் ஏற்றினேன்,
குறுக்கே பேசும் புருஷனைப்போல.
பின்னால் கொஞ்சம் மழை.
அது என் கழிவறை ஜன்னலில் பெய்தது.

மூன்றாம் சரணத்துக்கு முன்னால்தான் இடித்தது.
அவன் சட்டென்று தொடங்கிவிட்டான்,
யாரும் கேட்காத கேள்விக்குப் பதில்போல.
அவள் வேண்டாமென்று ஒதுக்கிய பதிவுகளைத் துழாவினேன்.
பதினொன்றாவதில்,
பாடலாமா வேண்டாமா என்று
இழுத்து, பாடாமல் விட்ட ஒரு மூச்சு.
சளியின் சிறு கரகரப்போடு.
அதை எடுத்து அவனுக்கு முன்னால் வைத்தேன்.
பாட்டு எழுந்து உட்கார்ந்தது.

நவம்பரில், அந்த ஆண்டின் இணைக்குரல் விருது.
எனக்கு இடம் மேல்மாடத்தில், தூணுக்குப் பின்னால்.
பக்கத்தில் என் மனைவி லின்னெட்,
கடித்த காலணியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள்.
போட்டியில் ஐந்து ஜோடி.
ஒன்று, இறந்த அப்பாவோடு மகன் பாடியது.
அதன்மேல்தான் இருபது டாலர் கட்டியிருந்தேன்.
அந்தத் தையல்காரன் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

உறையைப் பிரித்தவர்
முதல் பெயருக்கும் இரண்டாம் பெயருக்கும் நடுவே
தேவைக்கு மேல் நிறுத்தினார்.
என் விரல் தானாக வெட்டப் போனது.

மேடைப் படியில்தான் அவர்கள் முதன்முதலில் சந்தித்தார்கள்.
கை குலுக்குவதா கட்டிக்கொள்வதா என்று தெரியாமல்
அவன் தொப்பி விளிம்பு அவள் நெற்றியில் இடித்தது.
அரங்கம் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டது.
கோப்பை ஒன்று. கை நான்கு.
இன்னொன்று வேண்டுமென்றால் தனியே பணம் கட்டவேண்டுமாம்.
நீ வைத்துக்கொள் என்றான்.
இல்லை, நீ என்றாள்.
பாட்டில் வரும் நாயைப்போல
அது நடுவில் நின்றது.
நன்றிப் பட்டியலில்
கடவுள், தாய்மார், ஒரு டயர் கம்பெனி.
என் பெயர் இல்லை.
கண்ணுக்குத் தெரிந்தால் அது நல்ல தையலா?

பிறகு பாடச் சொன்னார்கள்.
முதல் சரணத்தில் அவள் முந்தினாள்.
இரண்டாவதில் அவன் பிந்தினான்.
ஸ்டீல் கிடார்க்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்து
கிடைத்த இடத்தில் எல்லாம் வழுக்கி நிரப்பினார்.
எனக்குக் கைகள் இருந்தன. கத்தரி இல்லை.

மூன்றாம் சரணம்.
அவன் வாய் திறக்கவில்லை.
காத்திருந்தான்.
பேருந்திலும் பெட்ரோல் பங்கிலும்
அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பழகியவனுக்கு
அங்கே ஒரு மூச்சு வேண்டியிருந்தது.
அவளும் கேட்டுத்தான் படித்திருக்கிறாள்,
தான் எங்கே மூச்சு இழுத்தோம் என்பதை,
என்னிடமிருந்து.

மைக்கை நெருங்கி
இழுத்தாள்.
சளி இல்லை.
கரகரப்பை மட்டும்
எங்கிருந்தோ கொண்டுவந்தாள்.

அவன் உள்ளே வந்தான்.

லின்னெட் என் முழங்காலைக் கிள்ளி
இப்போது எதற்கு அழுகிறாய் என்றாள்.
நாய் யாருக்கென்று
இன்னும் முடிவாகவில்லை என்றேன்.