லக்கேஜ் டிக்கெட்

செவ்வாய்தோறும் பத்தே முக்காலுக்கு
வாடிப்பட்டி பஸ்ஸில் வந்து இறங்கும்
வெள்ளையம்மாளின் ரத்தம்.

தெர்மகோல் பெட்டியை மடியில் வைத்து
ராபியத் பீவி கொண்டுவருவாள்.
"மீனாம்மா?" என்று மூக்கைச் சுளிப்பாராம் கண்டக்டர்.
"யானை" என்றால் சிரித்துவிட்டு
லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்துவிடுவாராம்.
செலவுக் கணக்குக்காக நோட்டில் ஒட்டிவைப்பேன்.
இன்றோடு அறுபத்தொன்று.

இதற்கு முன் கே.கே.நகரில்
குழந்தைப்பேறு மருத்துவமனை ஒன்றின்
ரத்தப் பரிசோதனை அறையில் இருந்தேன்.
ஜன்னலுக்கு அந்தப்பக்கம்
எப்போதும் யாராவது நிற்பார்கள்.
அறிக்கை புரியாதவர்கள்
என் முகத்தைப் படித்துவிட்டுப் போவார்கள்.
இங்கே ஜன்னலுக்கு வெளியே ஒரு வேம்பு,
அதன் கீழே பஞ்சரான ஜீப்.

வெள்ளையம்மாள்
இருபத்தாறு வருடம் கருங்கல் தளத்தில் நின்றவள்.
பிள்ளையில்லாத பெண்களின் உச்சந்தலையில்
தும்பிக்கை வைத்து அனுப்பிவிட்டு
நாணயத்தைப் பாகனிடம் சேர்த்தவள்.
தன் இனத்து ஆண் ஒன்றை
மோப்பத்தில்கூட அறியாதவள்.
இப்போது சிறுமலை அடிவாரத்தில், மண் தரையில்,
வெடித்த நகத்தை மருந்துத் தொட்டியில் ஊறவிட்டபடி
ஊசிக்குக் காதைக் கொடுக்கிறாள்.
கூலி ஒரு வெல்லக்கட்டி.

பதினான்கு மாதமாய் வரைபடத்தில்
சித்திரைக்கு முந்தைய வைகை:
படுகை உண்டு, நீர் இல்லை.

டாக்டர் எஸ்தர் முதல் நாளே சொன்னார்:
"முப்பத்தொன்பது வயசு. கர்ப்பப்பையில கட்டி வேற.
கன்னு வருமான்னு கேக்காதீங்க.
உடம்பு முழிக்குதான்னு பாருங்க, போதும்."
நான் கேட்டதே இல்லை.

இன்று எண் ஏறியிருக்கிறது.

இயந்திரத்தை நம்பாமல் இன்னொரு முறை ஓட்டினேன்.
அதே ஏற்றம்.
ராபியத்தின் வீட்டுக்காரரை அழைத்தேன்.
"நம்பர் வந்திருக்கு, ஜமாலுதீன் பாய்."
"எது, சிலிண்டர் பதிஞ்ச நம்பரா?"
விளக்கிச் சொன்னேன்.
அந்தப்பக்கம் பேச்சில்லை.
தொப்பு தொப்பென்று ஏதோ விழும் சத்தம் மட்டும்.
"செம்மண்ண அள்ளிப் போட்டுக்கிறா," என்றார் கடைசியில்,
"எம்மேலயும் சேத்து."

ஒரு வாரத்து ஏற்றம் ஏற்றமே அல்ல.
அடுத்த செவ்வாய் இறங்கிவிடலாம்.
இறங்காவிட்டாலும்
தோதான கொம்பன் டாப்சிலிப்பில்,
அனுமதிக் காகிதம் சென்னையில்,
நடுவில் அந்தக் கட்டி.
எல்லாம் கூடிவந்து சினை பிடித்தால்
அப்புறம் இருபத்திரண்டு மாதம்.
இந்த மாதிரி எண்களைப் பேனாவால் எழுதக்கூடாது.
கே.கே.நகரில் கற்றது அது.

இன்றைய டிக்கெட்டை மட்டும் ஒட்டவில்லை.
பின்பக்கத்தில் எண்ணைப்
பென்சிலால் குறித்துப்
பர்சுக்குள் வைத்திருக்கிறேன்.
முன்பக்கத்தில், மை மங்கிய எழுத்தில்:
வாடிப்பட்டி – ஆரப்பாளையம்.
ஆள் 1. சுமை 1.