ஓம், போவம், பாப்பம்

தெல்லிப்பழையில் பாதி நாக்கை எடுத்தபின்
எனக்கு மிஞ்சியவை உதட்டுச் சொற்கள் மூன்று:
ஓம். போவம். பாப்பம்.

பாசையூர்ச் சந்தையில் இருபத்தாறு வருடம்
மீன் ஏலம் கூறியவன் நான்.
கொடுப்புக்குள் பொயிலையை அடக்கியபடியே
ஒண்டு சொல்லி மூண்டு முடிவதற்குள்
ஐயாயிரத்தை ஒன்பதாயிரமாக்கிய வாய்.
எண்கள் முழுக்க நாக்கின் சொத்து என்று
இப்போதுதான் தெரிகிறது.

இடது முன்கைத் தோலை வெட்டி
வாய்க்குள் வைத்துத் தைத்திருக்கிறார்கள்.
விலை ஏற ஏற நான் உயர்த்திய கை.
அதற்கு உப்புத் தெரியாது, சூடு தெரியாது.
முதல் மாதம் அதில் மயிர்கூட முளைத்தது;
பெனடிற்றா டோர்ச் அடித்துப் பார்த்துச் சிரித்தாள்,
பிறகு குசினிக்குள் போய்
நெடுநேரம் வரவில்லை.

நாடி நெஞ்சில் முட்டக் குனியுங்கோ,
மூச்சைப் பிடியுங்கோ, விழுங்குங்கோ,
இருமிப்போட்டு மூச்சு விடுங்கோ.
சங்கு குளிக்கப் போறவனுக்குச் சொல்வதுபோல்
சொன்னா சாம்பவி மிஸ்.
ஒரு கரண்டிக் கஞ்சிக்கு ஒரு முழுக்கு.
தேத்தண்ணிதான் மோசம்,
பிடிபடாமல் ஓடிப் புரைக்கேறும்.

'ழ' சொல்லுங்கோ என்றா.
மிஸ், நாக்கு முழுசாய் இருந்த காலத்திலும்
நாங்கள் யாப்பாணம் எண்டுதான் சொன்னனாங்கள்
என்று துண்டில் எழிதிக் கொடுத்தேன்.
எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு
அவ 'ல'வுக்கு இறங்கினா.

இல்லை என்பதற்கு நாக்கு எழும்ப வேண்டும்.
ஆகவே நாலு மாதம் எல்லாவற்றுக்கும் ஓம்.
ரேடியோவைக் குறைக்கவோ? ஓம்.
மச்சான் எஞ்சினை இரவல் கேட்டான். ஓம்.
இன்னும் கொஞ்சம் கஞ்சி? ஓம்.

நேற்றுக் காலை
அரித்த கஞ்சியோடு கிண்ணத்தை அவள் நீட்ட
வாய் கோண, எச்சில் வழிய
இய்ய, என்றேன்.
என்னப்பா?
இய்யை.
வெளியே கேட்டவர்கள் பூனை என்றிருப்பார்கள்.
அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

ஒரேயொரு இடியப்பம், சொதியில் ஊறவிட்டு,
பாரை மீனை விரலால் நசித்து, முள் பார்த்து.
வலப் பக்கத்தாலேயே மென்றேன்,
முக்கால் மணித்தியாலம்.
அவள் கண்ணுக்குத் தப்பிய ஒரு முள்
கைத்தோலுக்குப் பிடிபடவில்லை.
மிச்ச நாக்கு கண்டுபிடித்தது.
உதட்டுக்குத் தள்ளி, எடுத்து
கோப்பை விளிம்பில் வைத்தேன்,
அவளுக்குத் தெரியும்படி.