ஊர்ப்பெயர்

ஆடி. நாயாறு வற்றி
உப்பு வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கிறது.
ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர்
நான்கு குழாய்த் தடியைச் சதுரமாக வைத்து
உள்ளே நிற்பதை எண்ணுவது என் வேலை.
உமரி நாற்பத்தியொன்று.
கோரை பன்னிரண்டு.
நண்டுவளை ஒன்று.
பிறகு இது:
முழங்கால் உயரம், ஈர்க்குத் தண்டு,
போன வருசம் இல்லாதது.

சுவஸ்திகா மிஸ் உருப்பெருக்கியோடு குந்தினா.
"ஒரு பூ எண்டு எழுதாதையும்.
இது ஒரு கூட்டம்."
பார்த்தேன்.
நடுவில் மஞ்சளாய் இருபது, முப்பது பூ,
நெரிசலில் தோளோடு தோள்.
ஓரத்தில் நிற்பவை மட்டும்
ஆளுக்கொரு வெள்ளை இதழை
வெளியே நீட்டிக்கொண்டு,
லொறித் தறப்பாளுக்குள்ளிருந்து
மழை விட்டதா என்று பார்க்கும் கைகள்போல.

இலை தடிப்பு. கடித்தால் கரிக்கிறது.
வேர் இழுக்கும் உப்பையெல்லாம்
அடியிலைகளில் சேர்த்து வைத்து
பழுத்ததும் உதிர்த்துவிடுமாம்.
காலடியில் பழுப்பிலை ஒன்பது.
அவற்றையும் எண்ணினேன்.
படிவத்தில் அதற்கு இடமில்லை.

ஏழாவது கட்டம், தோற்றம்.
சுதேசம் / அறிமுகம்.
பொருந்தாததை வெட்டிவிடுக.
"முதலாவதை வெட்டும்" என்றா மிஸ்.
எப்படி வந்திருக்கும்?
"விதையின்ர தலையில மயிர்.
சோளகம் அடிச்சால் போதும்.
இல்லாட்டி மணல் லொறி, உரப்பை,
உம்மட சப்பாத்து."

அப்பா பொகவந்தலாவையில் ஏறி
முத்தையன்கட்டில் இறங்கியது எழுபத்தேழில்.
நான் பிறந்தது இங்கே, என் பிள்ளையும் இங்கே.
பதிவுக்குப் போன இடமெல்லாம்
பேனையை நிறுத்தி ஒருவர் கேட்பார்:
"சொந்த இடம்?"

"எத்தனை வருசம் போனால் மிஸ்
வெட்டினதைத் திருப்பி எழுதலாம்?"
"எழுதேலாது.
ஆனா ஆரும் தண்ணி ஊத்தாமல்
தானா விதைச்சு, தானா முளைச்சு
தலைமுறை தலைமுறையா நிண்டால்
இயல்பானது எண்டு பக்கத்தில ஒரு குறிப்புப் போடலாம்."
போட்டேன்.
"இன்னும் அதைப் பாக்கேல்லையே" என்றா.
நான் பார்த்திருக்கிறேன் என்று சொல்லவில்லை.

ஒன்பதாவது கட்டம், ஊர்ப்பெயர்.
வீச்சுவலையைத் தோளில் போட்டபடி
மரியசீலன் அண்ணை சேற்றோரமாய் வந்தார்.
"இதுக்குப் பேரென்ன அண்ணை?"
"இதுக்கோ? மாடு தின்னாது."
"பேர்?"
"அதுதானே சொன்னனான்."

மாடுதின்னாப்பூ என்று எழுதினேன்.
மிஸ் வாசித்தா, சிரிக்கவில்லை.
இனி வருபவர் படியெடுப்பார்,
அவரைப் பார்த்து இன்னொருவர்.
ஒருநாள் அது பழைய பெயராகிவிடும்.

பின்னேரம் தடிகளைக் கழற்றும்போது
கட்டாக்காலி எருமைக்கன்று ஒன்று வந்து
நாலு தண்டைத் தலையோடு
ஆறுதலாகச் சப்பிவிட்டுப் போனது.

நான் பெயரை அழிக்கவில்லை.