தலைப்பில் கசிவு

நீடாமங்கலம் கடைத்தெரு, மருந்துக்கடை மாடியில்
என் பல் ஆஸ்பத்திரி. பதினோரு படி.
பக்கிரிசாமி நின்று நின்று ஏறுவது
உள்ளேயே கேட்கும்.

மூணாறு தலைப்பில் லஸ்கர்.
ஷட்டர் ஏற்றி இறக்கி முப்பத்தொரு வருஷம்.
கையில் கிரீஸ் வாசம், வாயில் பீடி.
முதல்முறை வந்தபோதே ஈறெல்லாம் சீழ்.
"ஆடுற பல்ல மட்டும் எடுங்க டாக்டரம்மா,
ரத்தம் அது பாட்டுக்கு வரும், போவும்."
ஆடியதை எடுத்தேன். நாலு வருஷத்தில் ஏழு.
சுத்தம் செய்ய வரச்சொன்ன தேதியெல்லாம்
தண்ணீர் திறக்கிற தேதியாகவே அமைந்தது.

இன்று கையில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக் கவர்.
இரைப்பை, கீழ்ப்பகுதி.
நான் இரண்டுமுறை படித்தேன்,
அவர் என் முகத்தைப் படித்தார்.
ஆபரேஷனுக்கு முன் வாயைச் சுத்தம் செய்துவர
ஓரத்தில் பேனாவால் ஒரு வரி.

நாற்காலி சாய்ந்தது. விளக்கை இழுத்தேன்.
வாய் திறக்குமுன் கேட்டார்:
"மேல கசிஞ்சதுதான் கீழ எறங்கி இப்டி ஆச்சா?"

படித்திருக்கிறேன்.
ஈறு கெட்டவர்களிடம் அந்த நோய்
கொஞ்சம் கூடுதலாய்த் தெரிகிறதாம்,
சில கணக்கில் தெரியவில்லையாம்.
பீடி இருக்கிறது, கருவாட்டு உப்பு இருக்கிறது,
இரைப்பையிலேயே குடியிருக்கும் கிருமி ஒன்று இருக்கிறது.
"இருக்கலாம்" என்றேன்.
என் படிப்பு மொத்தமும் அந்த ஒரு சொல்லின் மேல்
ஒற்றைக்காலில் நின்றது.

சிரித்தார், மிச்சமிருந்த பல்லோடு.
"முத்துப்பேட்டைப் பக்கம் கடைமடைக்காரன்
வந்து நிப்பான், எங்க தண்ணி எங்கய்யாம்பான்.
நானும் அதான் சொல்வேன்.
மேல எவனாவது மறிச்சிருக்கலாம்,
மணல்ல எறங்கியிருக்கலாம்.
பொய்யில்ல. ஆனா காஞ்சது காஞ்சதுதான?"
கோபமில்லாமல் சொன்னார்.
கோபித்திருக்கலாம்.

சுரண்டத் தொடங்கினேன். கீழ்வரிசைப் பின்புறம்
மதகுக்கட்டையில் சிப்பி ஒட்டியதுபோல் காறை.
கருவி பட்ட இடமெல்லாம் சிவந்தது.
எச்சில் உறிஞ்சும் குழாய் கரகரத்தது,
விட்டது, மறுபடி கரகரத்தது.
தூங்கும்போதும் விழுங்கிக்கொண்டேதான் இருக்கிறோம்.
முறைப்பாசனம் கிடையாது இதற்கு.
வாய்க்கால் என்று பேர் வைத்தவன்
எதைப் பார்த்து வைத்தானோ.

டம்ளரை நீட்டினேன்.
கன்னம் உப்ப அலசினார், நிறுத்தினார்.
உத்தரவு வந்தால்தான் திறந்து பழகிய மனுஷன்,
கண்ணால் கேட்டபடி அப்படியே இருந்தார்.

"துப்புங்க" என்றேன்,
தேவைக்கு மேல் சத்தமாக.
"துப்புங்க."