முப்பத்துமூன்று அலகு

மீற்றர் பார்க்கிற வேலை எனக்கு.
உவர்மலை முழுக்க
நாய்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன்,
ஆட்களைக் கணக்கிலக்கத்தால்.
கனகேந்திரனின் வீட்டில் மட்டும்
இரண்டும் தெரியும்.
கேந்தி என்றுதான் கூப்பிடுவோம்,
ஒருநாளும் கேந்தி வராத மனிதனை.

போன மாதம் தொண்ணூற்றுநாலு.
இந்த மாதம் அறுபத்தொன்று.
படலையடியில் நின்று கழித்துப் பார்த்தேன்.
முப்பத்துமூன்று அலகு:
அவன்ர மேசை விசிறி,
சத்தத்தைக் குறைத்துவிட்டு அவன் பார்த்த கிரிக்கெட்,
விடிய நாலரைக்கு ஒருவரையும் எழுப்பாமல்
கேத்திலில் கொதித்த ஒரு கோப்பைத் தண்ணீர்.

"எவ்வளவு அண்ணா?" என்றாள் சுபத்திரா.
"குறைஞ்சிருக்கு."
இருபது வருடச் சேவையில்
இதைவிடக் கொடிய சொல்லை
ஒரு வாசலிலும் நான் சொன்னதில்லை.

ஞாயிறு விடியற்புறங்களில்
அவன் முன்னால், நான் பின்னால்.
காற்றை அவன் நெஞ்சால் வெட்டித் தருவான்,
அந்த ஒதுக்கில் சும்மா மிதித்துக்கொண்டு போவேன்.
சாம்பல்தீவுப் பாலத்தில் எனக்கு இளைக்கும்.
"இன்னும் ஒரு கட்டை" என்பான்.
நிலாவெளி வந்தபிறகும் அதையே சொல்வான்.
கட்டைக்கு வேறும் ஒரு பொருள் இருப்பது
சுடலையில் அடுக்கும்போதுதான்
எனக்கு உறைத்தது.

முப்பத்தொன்று முடிந்தும்
கிணற்றடியில் சாத்திய சைக்கிளை நான் தொடவில்லை.
உப்புக்காற்று சங்கிலியைத் தின்றது.
ரயர் இரண்டும் தரையோடு.
ஒருநாள் வேலையால் வந்து பார்க்கிறேன்,
காற்றடித்து, எண்ணெய் விட்டு, வாசலில் நிற்கிறது.
பக்கத்தில் நிரூபாவின் பழைய லேடீஸ் சைக்கிள்,
கல்யாணத்துக்கு முன் அவள் டியூசனுக்குப் போனது.
"எனக்கு இன்னும் ஓடத் தெரியுமோ எண்டு பாக்கோணும்" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.
ஆறுதல் சொல்ல வந்த எல்லாரிலும்
அவள்தான் குறையக் கதைத்தவள்.

மலையால் இறங்கும்போது பிறேக்கை மறந்து
"அய்யோ அய்யோ" என்று கத்திக்கொண்டே போனாள்.
பஸ் நிலையத்தடியில்
பேப்பர் தின்றுகொண்டிருந்த மான்கள்
தலை நிமிர்ந்து பார்த்தன.
விதுரன் சிரித்துச் சிரித்து வேலியில் மோதினான்.
என் பின் கரியரில் சின்னவள் ஓவியா,
சட்டையை இரு கையாலும் பிடித்தபடி.
உட்துறைமுக வீதியில் மாலை வெயில்
தண்ணீரிலிருந்தும் அடித்தது.

சாம்பல்தீவுப் பாலத்தில் நின்றோம்.
கச்சான் உடைத்துத் தின்றோம்.
தோல் காற்றில் போய்க் கீழே கழிமுகத்தில் விழுந்தது.
எனக்கு உள்ளே ஒரு எதிர்பார்ப்பு,
வெட்கமில்லாமல் சொல்கிறேன்,
இந்த மூன்றில் ஒன்று
தெரியாமலாவது அந்தச் சொல்லைச் சொல்லுமென்று.
இன்னும் ஒரு...
ஓவியா என் முதுகில் தட்டினாள்.
"அப்பா, மூத்திரம் வருது."

அதற்குத்தான் அழுதேன்.
நிரூபா பிள்ளையைப் பற்றைக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.
விதுரன் என்னைப் பார்க்காததுபோல
மணியை அடித்துக்கொண்டு நின்றான்.

திரும்பும்போது எதிர்காற்று.
மூன்றாம் கட்டை கடந்து
நிரூபாவின் சத்தம் கேட்காமல் திரும்பிப் பார்த்தேன்.
என் சில்லோடு சில் முட்டுமாப்போல
அவள், அவளுக்குப் பின்னால் அவன்,
குனிந்து, ஒதுங்கி, சும்மா மிதித்துக்கொண்டு.
காற்று முழுக்க என் நெஞ்சில் இருந்தது.
இவ்வளவு பாரமா அது?
ஒருநாளும் சொன்னதில்லையே அவன்.

ஞாயிறுகளில் இப்போது போகிறோம்.
மழை வந்தால் இல்லை.
விதுரனுக்குச் சோதனை வந்தால் இல்லை.
சில நாள் பாதியில் சண்டை பிடித்துத் திரும்புவோம்.

நேற்றுக் கேந்தியின் வீட்டு மீற்றர்
அறுபத்தேழு.
ஆறு கூட.
ஏதோ ஒரு அறையில் யாரோ
விளக்கை அணைக்காமல் நித்திரையாகிறார்கள்.
எழுதிக்கொண்டேன்.
படலையைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.