எண் படிப்பவள்

எனக்கு ஒதுக்கிய வேலை சிறியது.
துல்கூன் திருகாணி முடுக்குவான்.
தெல்கெர்மா கம்பிகளைப் பற்றவைப்பாள்.
நான் உள்ளங்கையளவு காற்றுமானியைப் பார்த்து
நானூற்றுப் பன்னிரண்டு என்பேன்,
வருகிற பேருந்தின் தடம் எண்ணைச் சொல்வதுபோல.

உலான்பாத்தரின் வடக்குச் சரிவு, சனவரி.
வேலிக்கு வேலி கரியடுப்பு புகைகிற இரவு.
கம்பளிக் கூடாரத்தின் நடுவே எழும் குழாய்
கூரை வளையத்தில் தலையை நீட்டியிருக்கிறது.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
கதவைத் திறந்தால் விறைப்போம்.
மூடினால் இருமுவோம்.

தெல்கெர்மாவின் தம்பிக்கு ஏழு மாதம்.
பெயர் நெர்குய்.
எங்கள் மொழியில் அதற்குப் பொருள்
'பெயரில்லாதவன்'.
முன்னால் பிறந்தது தங்காத வீட்டில்
தேடி வருகிற தீய ஆவி
இங்கே எவருமில்லை என்று திரும்பிப் போகட்டுமென
வைக்கிற பெயர்.
ஆவி ஏமாந்திருக்கலாம்.
புகை எந்த வீட்டிலும்
பெயர் கேட்டுக்கொண்டு நுழைவதில்லை.

விண்கலத்தில் செடி வளர்த்த கதையைத்
துல்கூன்தான் எங்கிருந்தோ கொண்டுவந்தான்.
மூடிய கலத்தில் செடி விடுகிற எத்திலீன்
அந்தச் செடியையே முதுமையாக்கிவிடுமாம்.
(தெற்கே எங்கோ வாழைத்தாருக்கு
மூட்டம் போடுகிறார்களாமே,
பழுக்கவைப்பது அதே வாயுதானாம்.)
அதை உடைக்கக் கண்டது இவ்வளவே:
வெள்ளைப் பெயின்ட்டில் கலக்கிற டைட்டானியப் பொடி,
அதன்மேல் ஊதா வெளிச்சம்.
ராக்கெட்டைக் கழித்துவிட்டால்
மிச்சமெல்லாம் மலிவு, என்றான்.

வாளி, கட்டட வேலைக்காரர்களிடம் கெஞ்சி வாங்கியது.
விசிறி, செத்த கணினி ஒன்றின் வயிற்றிலிருந்து.
விளக்கு, நகச்சாயம் உலர்த்துவது;
தெல்கெர்மாவின் அக்காள் வேலைபார்த்த
அழகு நிலையத்தை இழுத்துமூடியபோது
கடைசி மாதச் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுத்தார்கள்.

முதல் இரவு படித்தேன்:
நானூற்றுப் பன்னிரண்டு.
ஒரு மணி நேரம் கழித்து
நானூற்று ஒன்பது.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
வாளிக்குள் மட்டும் யாருக்கோ கல்யாணம்போல
ஊதாவாய் ஜொலித்தது.

வாயுவை உடைக்கும்.
கரித்துகளை என்ன செய்யும்?
"விண்கலத்தில் யாரும்
குளிர்காய நிலக்கரி போடுவதில்லை"
என்றாள் தெல்கெர்மா, சிரிக்காமல்.

பிறகு இரண்டு வாரம் கல்லூரிக்கு நடந்தோம்.
மிச்சம் பிடித்த பேருந்துக் காசு
ஒன்றரை முழம் வடிதுணியாயிற்று.
சேலைக்குக் கொசுவம் வைப்பதுபோல் ஒன்றை
யாரும் சொல்லித்தராமல் அவள் மடித்தாள்,
நாற்பது மடிப்பு,
வாளியின் வாய்க்குச் சரியாக.
ஓரத்தில் காற்று ஒழுகிற இடத்தை
மெழுகுவர்த்திச் சுடர் காட்டிக்கொடுத்தது.
அங்கே மாவுப்பசை.

அன்றிரவு
முந்நூற்று எழுபது.
இருநூற்று நாற்பது.
துல்கூன் நகம் கடிக்கிறான்.
நூற்றுப் பதினொன்று.
எழுபத்தாறு.
என் குரல் ஏன் தாழ்ந்துபோயிற்று?
குழந்தை தூங்குகிறது என்பதாலா,
எண்ணுக்குக் கேட்டுவிடும் என்ற பயத்தாலா?
முப்பத்தெட்டை
உதட்டால் மட்டும் சொன்னேன்.
நெர்குய்யின் மூச்சில்
இத்தனை நாள் கேட்ட சீட்டிச் சத்தம்
அப்படியேதான் இருந்தது.
ஒரு ராத்திரியில் போகிற சத்தமா அது.

அடுப்பு தணிந்தது.
தெல்கெர்மா எழுந்து நான்கு கரிக்கட்டி போட்டாள்.
வேறென்ன போடுவாள்?

காற்றுமானியோடு வெளியே வந்தேன்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
அதற்குமேல் எண்ணத் தெரியாத கருவி
அங்கேயே நின்றுவிட்டது.
எங்கள் குழாயின் புகை
வேலியைத் தாண்டிக் குனிந்து
பக்கத்துக் கூரை வளையத்தில் எட்டிப்பார்த்தது.
உள்ளே யாரோ இருமினார்கள்.
பழக்க தோஷம், எண்ணினேன்.
ஏழு.

உள்ளே வந்ததும்
"எவ்வளவு?" என்றான் துல்கூன்.

"வாளி இன்னொன்று கிடைக்குமா?" என்றேன்.